டேலியா பாத்தியும் காட்டெருமையும்

என்னிடம் படம் கேட்டு வருகிறவர்களில் பாதிப்பேர் நாய் வளர்க்கிறவர்கள். குன்னூரிலும் கோத்தகிரியிலும் நான் வரையாத நாய் இனிமேல் வெளியூரிலிருந்து வந்தால்தான் உண்டு என்று என் கணவர் சொல்வார். மீதிப்பேர் தங்கும் விடுதி நடத்துகிறவர்கள். அவர்களுக்கு எப்போதும் மலை ரயில் வேண்டும். ரயிலுக்குப் பின்னால் பனிமூட்டம் வேண்டும். அந்த மூட்டத்துக்குள் தேயிலைச் சரிவு பளிச்சென்று தெரியவும் வேண்டும். மூட்டம் இருந்தால் தேயிலை எப்படித் தெரியும் என்று ஆரம்பத்தில் கேட்டுப் பார்த்தேன். இப்போது கேட்பதில்லை. இரண்டையும் போட்டுக் கொடுத்துவிடுகிறேன். எல்லாரும் சந்தோஷமாக வாங்கிப் போகிறார்கள்.

எனக்காக வரைவதெல்லாம் பருவத்தைப் பார்த்துத்தான். தை மாதம் கிளென்மார்கனில் இருக்கும் நாத்தனார் வீட்டில் போய்த் தங்கிக்கொள்வேன். விடிந்ததும் ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு புல்வெளிக்குப் போனால் உறைபனி வெள்ளையாகக் கிடக்கும். வெயில் தொட்டதும் அது போய்விடும் என்பதால் அவசர அவசரமாக வரைய வேண்டும். தட்டில் கரைத்து வைத்த வண்ணத்தின்மேல் பாலாடை மாதிரி பனி படியும். அதோடு சேர்த்துக் காகிதத்தில் தடவினால், வண்ணம் இலை நரம்புபோலக் கிளை கிளையாக உறைந்து நிற்கும். அந்தக் கோடுகளை நானாக நினைத்து ஒருநாளும் வரைய முடியாது. மாசியில் சீகை மரங்கள் பூத்து மலையே மஞ்சளாகும். சித்திரையில் ஜகரண்டா மரங்கள் ஊதாப் பூவாகக் கொட்டும். ஆடியில் பஸ் பிடித்து நெல்லியாளம் பக்கம் போனால், கொட்டுகிற மழைக்கு நடுவில் பச்சையைத் தவிர வேறு நிறமே இருக்காது. வருடம் முழுக்க எனக்கு வேலை இருக்கும்.

போன வருடம் மாசியில் ஒரு நாள், ஜன்னல் பக்கம் உட்கார்ந்து யாரோ ஒருவருடைய லாப்ரடாருக்குக் காது வரைந்துகொண்டிருந்தபோது போன் வந்தது. வயதான ஆண் குரல். பஜாரில் இருக்கும் பேக்கரியில் மாட்டியிருக்கிற ரயில் படம் நான் வரைந்ததுதானா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

“நல்லாத்தான் இருக்குதுங்க அம்மிணி. ஆனா எனக்கு ரயில் வேண்டாம். என் தோட்டத்தை வரைஞ்சு குடுக்கணும்.”

குன்னூர்க்காரர் ஒருவர் தோட்டம் என்று சொன்னால் எஸ்டேட் என்றுதான் எடுத்துக்கொள்வோம். எத்தனை ஏக்கர் இருக்கும் என்று விசாரித்தேன். அவர் சிரித்துவிட்டார். வீட்டுக்கு முன்னால் இரண்டு பாத்தி இருக்கிறது, அவ்வளவுதான் என்றார்.

மறுநாள் போனேன். ஊருக்குக் கீழே, ரோட்டிலிருந்து படி இறங்கிப் போகிற இடத்தில் சின்ன ஓட்டு வீடு. வீட்டைச் சுற்றி மூங்கில் வேலி. வேலிக்கு அந்தப் பக்கம் தேயிலை. தேயிலை முடிகிற இடத்தில் சோலைக்காடு. அவர் குரங்குக் குல்லாவும் மப்ளருமாக வாசலில் நின்றுகொண்டிருந்தார். தேயிலை ஏல வியாபாரம் செய்கிற ஒரு கம்பெனியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். தோட்டம் எங்கே என்று பார்த்தேன். கிளறிவிட்ட மண்தான் இருந்தது. வலது பக்கம் ஒரு பாத்தி, இடது பக்கம் ஒரு பாத்தி, நடுவில் நடக்கிற பாதை. மண்ணுக்குள் டேலியாக் கிழங்கு நட்டிருப்பதாகவும், வைகாசியில் எல்லாம் பூத்து நிற்கும் என்றும், அந்த நேரத்தில் தோட்டப் போட்டிக்கு நடுவர்கள் பார்க்க வருவார்கள் என்றும் சொன்னார். பூத்து நிற்கிற அந்தக் கோலத்தைத்தான் எண்ணெய் வண்ணத்தில், பெரிதாக, ஹாலில் மாட்டுகிற மாதிரி நான் வரைய வேண்டும்.

“அப்ப வைகாசியில வந்தாப் போதுங்களே சார்” என்றேன்.

அப்படி இல்லையாம். ஒவ்வொரு செடியும் வளர்வதை இப்போதிருந்தே பார்த்தால்தான் பூவுக்கு முகம் வருமாம். எந்தக் கிழங்கு எந்த நிறம் என்பதை மனப்பாடமாக ஒப்பித்தார். முன்வரிசையில் குட்டை ரகம், வெள்ளை. அதற்குப் பின்னால் மஞ்சள். வேலியோரம், கறுப்போ என்று நினைக்க வைக்கும் அடர் சிவப்பு. அந்தச் சிவப்புக் கிழங்கை ஊட்டியில் யாரிடமோ கெஞ்சி வாங்கி வந்தாராம்.

“வேலைக்குச் சேந்த நாள்ல இருந்து அடுத்தவங்க தோட்டத்துப் பேரைத்தான் எழுதிட்டு இருந்தனுங்க. இன்ன தோட்டத்துத் தூள், இன்ன தோட்டத்து இலைன்னு. எனக்குன்னு ஒரு தோட்டம், அது செவுத்துல இருக்கணும்.”

அவர் அதைச் சொன்ன விதத்தில் நான் ஒத்துக்கொண்டுவிட்டேன்.

அவர் மனைவி அன்று காபி கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனார். அதிகம் பேசவில்லை. நான் அவரை அம்மா என்று கூப்பிட்டேன். கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவர் என்று மட்டும் தெரிந்துகொண்டேன்.

இரண்டாவது முறை போனபோது செடிகள் முழங்கால் உயரம் வந்திருந்தன. சார் என்னைப் பாதையில் நிறுத்திவைத்துப் படத்தில் என்னென்ன வரக்கூடாது என்று சொல்லிக்கொண்டிருந்தார். கறுப்புத் தண்ணீர்த் தொட்டி வரக்கூடாது. துணி காயப்போடும் கொடி வரக்கூடாது. மூங்கில் வேலிக்குப் பதிலாக வெள்ளையடித்த மரவேலி வந்தால் நன்றாக இருக்கும். நான் தலையாட்டிக்கொண்டிருந்தபோது சமையலறையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

“ஏனுங்க, அவரு வந்துட்டாருங்க.”

யாரோ விருந்தாளி என்று நினைத்துச் சால்வையைச் சரிசெய்துகொண்டேன். சார் முகம் சுருங்கிவிட்டது. அது ஆள் இல்லை, போய்ப் பாருங்கள் என்றார். சமையலறைக்குப் போனேன். ஜன்னலுக்கு வெளியே, வேலியிலிருந்து கொஞ்ச தூரத்தில், தேயிலைக்குள் இடுப்பளவு மறைந்து ஒரு காட்டெருமை நின்றது. தனி ஆண். எண்ணெய் தேய்த்த மாதிரி மின்னுகிற கறுப்பு உடம்பு. ஒரு கொம்பின் நுனி உடைந்திருந்தது. அம்மா அடுப்பைத் தணித்துவிட்டு, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். வழக்கமாக இந்த நேரத்துக்குத்தான் வருவார் என்று, மாமனாரைப் பற்றிச் சொல்வது போன்ற மரியாதையோடு சொன்னார்.

சாருக்கு அதைக் கண்டாலே ஆகாது. முந்தின வருடம் பீன்ஸ் பந்தலைச் சாய்த்துவிட்டதாம். அதற்காகத்தான் வேலி நெடுகப் பழைய சிடிகளையும் தகரத்தையும் கட்டித் தொங்கவிட்டிருந்தார். காற்றடித்தால் வீடே கச்சேரி மாதிரி இருக்கும்.

சித்திரைக் கடைசியில் மொட்டுகள் விட்டன. நான் கேன்வாஸ், ஸ்டாண்டு, வண்ணப்பெட்டி எல்லாவற்றையும் கொண்டுபோய் அங்கேயே வைத்துவிட்டு, காலை நேரங்களில் போய் வரைய ஆரம்பித்தேன். சீசன் நேரம். மேலே ரோட்டில் வண்டிகள் ஹாரன் அடித்துக்கொண்டு வரிசையாக நிற்கும். கீழே அந்த வாசலில் டேலியாக்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. சார் சொன்னது பொய் இல்லை. அடர் சிவப்புப் பூ ஒவ்வொன்றும் சாப்பாட்டுத் தட்டளவு. காலை வெயில் அதற்குப் பின்னால் வரும்போது இதழின் ஓரம் மட்டும் நெருப்பு மாதிரி எரியும், நடுப்பகுதி இருட்டாக இருக்கும். அந்த ஓரத்தைப் பிடிக்க நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. சிவப்பைக் கலப்பேன், துடைப்பேன், மறுபடி கலப்பேன். சார் முதுகுக்குப் பின்னால் நின்று மூச்சுவிடாமல் பார்ப்பார். சரியாக வந்துவிட்டால், “ம்” என்று ஒரு சத்தம் மட்டும் வரும். அந்த ஒரு சத்தத்துக்காக அரை நாள் உழைத்திருக்கிறேன்.

நடுவர்கள் வருகிற நாள் காலையில், மிச்சமிருந்த இடது பாத்தியை முடித்துவிடலாம் என்று சீக்கிரமே போனேன். படி இறங்கும்போதே தெரிந்துவிட்டது. வேலி ஓரிடத்தில் படுத்துக் கிடந்தது. சிடிகள் மண்ணில் சிதறிக் கிடந்தன. இடது பாத்தியில் தண்டுகள்தான் நின்றன. பூவும் இல்லை, இலையும் இல்லை. மண்ணில் பெரிய பெரிய குளம்புத் தடங்கள். வலது பாத்திக்கு ஒன்றும் ஆகவில்லை. சார் கவிழ்த்துப் போட்ட பக்கெட்டின்மேல் உட்கார்ந்திருந்தார். குல்லா தலையில் இல்லை. குல்லா இல்லாமல் அவரை அன்றுதான் பார்த்தேன். இன்னும் வயதானவராகத் தெரிந்தார்.

என்னிடம் பென்சில் குறிப்புகள் இருக்கின்றன, இடது பாத்தியைப் பார்க்காமலே வரைந்துவிடுவேன் என்று சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். நடுவர்களுக்குப் போன் செய்து வர வேண்டாம் என்று சொல்லப் போவதாகச் சொல்லி எழுந்தார். அம்மா வாசலுக்கு வந்தார்.

“வரட்டுமுங்க. வர்றவங்களுக்கு டீயாவது குடுக்கலாம். மாவு கரைச்சாச்சு.”

சார் மறுபடி உட்கார்ந்துகொண்டார். நான் பாதையில் ஸ்டாண்டை நிறுத்தி வேலையைத் தொடங்கினேன். உட்கார்ந்து துக்கம் விசாரிப்பதைவிட அது நல்லது என்று தோன்றியது.

மத்தியானத்துக்கு மேல் நடுவர்கள் இருவர் வந்தார்கள். ஒருவர் தாவரவியல் பேராசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர், இன்னொருவர் நர்சரி நடத்துபவர். இருவரும் வலது பாத்தியைக் குனிந்து பார்த்துப் பாராட்டினார்கள். இடது பாத்தியைப் பார்த்ததும் சாரின் பக்கம் திரும்பினார்கள். சார் மெல்லிய குரலில் நடந்ததைச் சொன்னார். நர்சரிக்காரர், தன் வீட்டு முட்டைக்கோஸ் போன கதையை ஆறுதலாக எடுத்துவிட்டார். அது பாதியில் இருக்கும்போது, சமையலறையிலிருந்து அம்மா சொன்னார்:

“எல்லாரும் உள்ள வந்துருங்க. ஓட வேண்டாம், மெதுவா வாங்க.”

படுத்துக் கிடந்த வேலி வழியாக அது உள்ளே காலை வைத்துக்கொண்டிருந்தது. பகல் வெளிச்சத்தில், இருபதடி தூரத்தில் பார்த்தால் காட்டெருமை ஒரு மிருகம் மாதிரியே இருக்காது. ஒரு லாரி உயிரோடு திரும்பிப் பார்க்கிற மாதிரி இருக்கும். நாங்கள் நான்கு பேரும் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டோம். அதற்குப் பிறகுதான் என் கேன்வாஸ் வெளியே நிற்பது எனக்கு உறைத்தது. ஒரு மாதத்து வேலை.

வனத்துறைக்குப் போன் பண்ணலாமா என்று நர்சரிக்காரர் கேட்டார். அவர்கள் வந்து பட்டாசு வெடித்தால் மிரண்டுபோய் எங்கே பாய்வார் என்று சொல்ல முடியாது, நாம் சும்மா இருந்தால் தானாகவே போய்விடுவார் என்றார் அம்மா. சொல்லிவிட்டு எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் வைத்தார். அப்படித்தான் நாங்கள் எல்லாரும் அந்தச் சின்னச் சமையலறையில் நெருக்கியடித்து நின்று, வாழைக்காய் பஜ்ஜி சாப்பிட்டுக்கொண்டு ஜன்னல் வழியாகப் பார்த்தோம். நான் பையிலிருந்த சின்னக் காகிதத்தில் பென்சிலால் வரைய ஆரம்பித்தேன். அவ்வளவு பக்கத்தில், அவ்வளவு நேரம் அசையாமல் அது எனக்கு இனி எப்போது நிற்கப் போகிறது?

பேராசிரியைதான் கேட்டார், இது எவ்வளவு நாளாக வருகிறது என்று. அம்மா பஜ்ஜியைத் திருப்பிப் போட்டபடியே சொன்னார். அவர் பேசி நான் அவ்வளவு நேரம் கேட்டதில்லை.

“நான் வந்த புதுசுல இந்தப் பக்கம் ஒரு ஊடு வாசலும் கிடையாதுங்க. இவரு ஆபீஸ் போயிட்டாருன்னா மத்தியானம் நானும் குளிரும் மட்டுந்தான். பேசறக்கு ஆளில்ல. அழுதுட்டே இந்த ஜன்னல்ல நிப்பேன். அப்பத்தான் இதுக கூட்டமா வந்து மேயும். ஒவ்வொன்னையா பாத்துட்டே இருந்தா பொழுது போயிரும். அங்க நிக்கறவரு கன்னுக்குட்டியா தாயோட வந்ததுலிருந்தே எனக்குத் தெரியும். அந்தக் கொம்பு நுனி போன மழைக்காலத்துல ஒடைஞ்சது.”

அம்மா வெந்த பஜ்ஜிகளைத் தட்டில் எடுத்துப் போட்டார்.

“எங்கிட்ட ஒருநாளும் சொல்லலியே” என்றார் சார்.

“நீங்க ஆபீஸ்ல இருந்தீங்க” என்றார் அம்மா. குறை சொல்கிற தொனி அதில் இல்லை.

சார் கையிலிருந்த பஜ்ஜியை வைத்துவிட்டு ஜன்னலுக்குப் பக்கத்தில் வந்தார். அம்மா கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தார். இரண்டு பேரும் ஒரே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

காட்டெருமை வலது பாத்தியை நோக்கி நடக்க ஆரம்பித்தது. நடுவில் என் கேன்வாஸ். ஸ்டாண்டுக்குக் கீழே தூரிகை கழுவுகிற டர்பெண்டைன் டப்பா திறந்திருந்தது. அது தலையைத் தாழ்த்தி டப்பாவை மோந்தது. அடுத்த நொடி, ரயில் இன்ஜின் ஆவி விட்ட மாதிரி ஒரு பெரிய தும்மல். ஸ்டாண்டு ஆடி, கேன்வாஸ் மல்லாக்க விழுந்தது. அது இரண்டடி பின்வாங்கி, எங்களைக் குற்றம் சாட்டுவதுபோல் ஜன்னலைப் பார்த்தது. பிறகு திரும்பி, வந்த வழியே தேயிலைக்குள் இறங்கிப் போய்விட்டது. முதலில் சிரித்தது சார்தான். அவர் சிரித்ததும் எங்கள் எல்லாருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. பேராசிரியை கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கேன்வாஸின் ஓரத்தில் கொஞ்சம் புல் ஒட்டியிருந்தது, வேறு சேதமில்லை. நடுவர்களைப் படி ஏற்றிவிடும்போது, காட்டெருமையின் கொம்பு எப்படி, வயது எவ்வளவு, எந்த நேரத்துக்கு வரும் என்று, தான் வளர்த்ததுபோல சார் விளக்கிக்கொண்டு போனார். பரிசு கிடைக்கவில்லை. அது யாருடைய பெட்டூனியாப் பூக்களுக்கோ போயிற்று. சார் அதைப் பற்றி என்னிடம் பேசவே இல்லை. டர்பெண்டைன் ஒரு பாட்டில் கிடைக்குமா என்று மட்டும் கேட்டார். அதில் துணியை நனைத்து வேலி முழுக்கக் கட்டினார். அது வேலை செய்ததா, காட்டெருமைக்கு வேறு எங்காவது நல்ல தீனி கிடைத்ததா என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

இடது பாத்தியைக் குறிப்பிலிருந்து வரைந்து, வெள்ளை வேலியும் போட்டுப் படத்தை முடித்துக் கொடுத்தேன். பென்சிலில் வரைந்ததை அம்மாவுக்குக் கொடுத்தேன். அவர் அதைச் சமையலறையில் மாட்டினார். வேலை அத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

ஆனி மாதம், மழை பிடித்துக்கொண்ட பிறகு சாரிடமிருந்து போன் வந்தது. படத்தில் ஒரு சின்னத் திருத்தம் வேண்டுமாம்.

“அதையும் போட்டுருங்க அம்மிணி. சின்னதா போதும். தூரத்துல, தேயிலைக்குள்ள நிக்கற மாதிரி.”

குடையும் வண்ணப்பெட்டியுமாகப் போனேன். படத்தை ஹாலில் கீழே இறக்கிச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள். எங்கே வைக்கலாம் என்று நான் தூரச் சரிவில் கட்டைவிரலை வைத்துக் காட்டினேன். சார் சரி என்றார். பிறகு, நீயே சொல் என்று அம்மாவைப் பார்த்தார். அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து வெகுநேரம் பார்த்தார்.

“அவரு அவ்வளவு தூரத்துல நின்னதே இல்லீங்களே” என்று சொல்லி, வேலியோரத்தில் விரலை வைத்தார்.

அங்கேதான் அடர் சிவப்பு டேலியாக்கள் இருந்தன. அங்கே வைத்தால் அந்த வரிசையில் பாதியை மறைக்க வேண்டியிருக்கும் என்று சாரிடம் சொன்னேன். அவர் பூக்களைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். மூக்கைத் தேய்த்துக்கொண்டார். கெஞ்சி வாங்கிய கிழங்கு அல்லவா.

“எடுத்துருங்க” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “பூவு அடுத்த வருசமும் பூக்கும்” என்றார்.

இரண்டு நாள் அங்கே உட்கார்ந்து வரைந்தேன். சார் வழக்கம்போல முதுகுக்குப் பின்னால் நின்றார். இந்த முறை அவருக்குப் பக்கத்தில் அம்மாவும் நின்றார். திமில் இன்னும் உயரம், கண்ணுக்குக் கீழே கொஞ்சம் சாம்பல் நிறம், காது இப்படி மடிந்திருக்கும் என்று சொல்லிக்கொடுத்தார். முடித்தபோது, “ம்” என்ற சத்தம் இரண்டு குரலில் வந்தது.

அந்த மழையில் எண்ணெய் வண்ணம் காயவே இல்லை. காட்டெருமையின் கறுப்பு வாரக்கணக்கில் பிசுபிசுப்பாகவே இருந்தது. அம்மா படத்தைச் சமையலறைக்கு எடுத்துப்போய், அடுப்புச் சூடு படுகிற தூரத்தில் நாற்காலியில் சாய்த்து வைத்து, காய்ந்துவிட்டதா என்று தினமும் தொட்டுப் பார்த்திருக்கிறார். ஆவணியில் அதை மீண்டும் ஹாலில் மாட்ட நான் போனபோது, காட்டெருமையின் தோள்பட்டையில் ஒரு விரல் ரேகை தெளிவாகப் பதிந்திருந்தது. துடைத்துச் சரிசெய்து தருகிறேன் என்று தூரிகையை எடுத்தேன். சார் என் கையைத் தடுத்து, அது அங்கேயே இருக்கட்டும் என்றார். பிறகு நாற்காலியில் ஏறி நின்று, நானும் அம்மாவும் ஆளுக்கொரு பக்கம் தூக்கிக் கொடுக்க, படத்தை அவரே ஆணியில் மாட்டினார்.